கனடாவில் முதல் நத்தார்: நாய், பூனை வளர்ப்பவர்களுக்கான குளிர்கால வழிகாட்டி

கனடாவுக்கு வந்தபின் முதன்முறையாக ஒரு நாயையோ பூனையையோ வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து தங்கள் பிராணியைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் குளிர்காலத்தை எதிர்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கார்த்திகை விளக்கீட்டில் தொடங்கும் கொண்டாட்டம் நத்தார், புத்தாண்டு என்று நீண்டு தைப்பொங்கலில்தான் முடிகிறது. இந்த ஆறேழு கிழமைகளும் பிராணிகளுக்கு ஆண்டின் மிகக் கடினமான நாட்கள் என்று பதினொரு குளிர்காலங்கள் நாய் வளர்த்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

எல்லோரும் முதலில் பயப்படுவது குளிருக்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வைத்தியசாலைக்கு நாங்கள் ஓடிய இரண்டு தடவைகளில் ஒன்று வீதி உப்பாலும், மற்றது வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரின் அன்பாலும் நேர்ந்தவை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம். எனவே கீழே வரும் படிகளில் பாதி, பிராணிக்குச் செய்ய வேண்டியவை. மீதிப் பாதி, வீட்டில் இருப்பவர்களுக்கும் வீட்டுக்கு வருபவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை.

முதலாம் படி: நவம்பரிலேயே முடிக்க வேண்டியவை

உங்கள் வழக்கமான மிருக வைத்தியர் நத்தார் நாட்களில் எந்தெந்த நாட்களில் கிளினிக்கைத் திறப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 24 ஆம் திகதி நண்பகலுடன் மூடி, 27 இலோ அதற்குப் பின்னரோதான் திறக்கும். ஆகவே 24 மணி நேரமும் திறந்திருக்கும் அவசர மிருக வைத்தியசாலை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, தேவைப்படாத ஒரு சாதாரண நாளிலேயே பார்த்து வையுங்கள். முடிந்தால் ஒரு முறை காரில் அந்த வழியால் போய் வாருங்கள். பனி கொட்டும் இரவில், மடியில் நடுங்கும் நாயுடன் வரைபடம் பார்த்துக்கொண்டு ஓடுவது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தது மைக்ரோசிப். பிடரித் தோலுக்கடியில் இடப்படும் அந்தச் சிப்பில் உங்கள் பெயரோ முகவரியோ இல்லை, 15 இலக்கங்கள் மட்டுமே உள்ளன. அந்த இலக்கத்தோடு இணைந்த பதிவில் இருக்கும் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் வீட்டையும் தொலைபேசி எண்ணையும் பல தடவைகள் மாற்றுவது வழக்கமாகையால், இந்தப் பதிவை இன்றே திறந்து பாருங்கள். ரொறன்ரோ நகரில் நாய்க்கும் பூனைக்கும் நகரசபை உரிமம் கட்டாயம். அந்த உரிம வில்லையைக் கழுத்துப்பட்டியில் தொங்கவிடுங்கள். ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் சட்டப்படி கட்டாயம். கூட்டம் கூடும் வீட்டில் தவறுதலாக யாரையாவது பிராணி கடித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ்தான்.

பிராணியின் எடையை கிலோவில் அறிந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே உங்கள் கிளினிக்கின் எண், அவசர வைத்தியசாலையின் எண், நஞ்சு உதவி நிலையங்களின் எண்கள் ஆகியவற்றை எழுதி குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வட அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட இத்தகைய நிலையங்கள் இரண்டு: ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையம், 888-426-4435. பெட் பாய்சன் ஹெல்ப்லைன், 855-764-7661. இரண்டும் நாள் முழுவதும் இயங்குகின்றன, கனடாவிலிருந்தும் அழைக்கலாம், ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவார்கள். எடையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், எந்த நஞ்சைப் பற்றிக் கேட்டாலும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று அதுதான்.

இரண்டாம் படி: அலங்காரம் வைக்கும் நாள்

மரத்தை நிறுத்தியவுடன், அதன் நடுத் தண்டை மெல்லிய கம்பியாலோ மீன்பிடி நூலாலோ சுவரில் உள்ள கொளுக்கியுடன் கட்டுங்கள். பூனை மரத்தில் ஏறுமா என்பது கேள்வியே இல்லை; எப்போது ஏறும் என்பதுதான் கேள்வி. உண்மையான மரமாக இருந்தால் அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். நாட்கணக்கில் தேங்கிய அந்தத் தண்ணீரில் கிருமிகள் பெருகும், மரத்துக்கு இடும் உரமும் கலந்திருக்கும். கண்ணாடிக் குண்டுகளையும், சிறுவர்கள் மாவையும் உப்பையும் பிசைந்து செய்யும் அலங்காரங்களையும் மேல் கிளைகளில் மட்டும் தொங்கவிடுங்கள். உப்பு மாவு அலங்காரம் ஒன்றை நாய் விழுங்கினால் உடலில் உப்பு ஏறி வலிப்பு வரையில் போகலாம்.

பூனை உள்ள வீட்டில் மினுங்கும் சரிகை நூலை அறவே தவிர்த்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பரிசுப் பொதியின் ரிப்பனும் அப்படியே. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். குடல் அந்த நூலில் சுருக்குப் பைபோலச் சுருங்கி, கடைசியில் அறுபடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் முனை தெரிந்தால் ஒருபோதும் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூக்களில் ஒன்றே ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்: லில்லி. நத்தார்ப் பூங்கொத்துகளில் வரும் ஸ்டார்கேசர், ஏஷியாட்டிக், வெள்ளை ஈஸ்டர் லில்லி ஆகிய யாவும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியவை. இதழைத் தின்ன வேண்டியதில்லை. உடம்பில் பட்ட மகரந்தத்தை நக்கினாலோ பூச்சாடித் தண்ணீரை ஒரு வாய் குடித்தாலோ போதும். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக உள்ளது, அதற்குப் பின் வேகமாகக் குறையும். பூங்கொத்தை விருந்தாளி கையில் கொடுக்கும்போதே லில்லி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பூனை இல்லாத ஒருவரின் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த நாட்களில் எங்கும் விற்கும் சிவப்பு இலைப் பொயின்செட்டியாவை எல்லோரும் கொடிய நஞ்சு என்று நம்புகிறார்கள். உண்மையில் அது வாய் எரிச்சலும் வாந்தியும் தருவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பயத்தை உரிய செடியின் மேல் வைப்பது நல்லது.

விளக்கீட்டுக்குத் தரையில் சிட்டி விளக்கு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்த ஊரில் கதவு யன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் அவற்றை வைப்பதால், நாயும் பூனையும் விளக்கும் ஒரே அறையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வால் சுடர்மேல் போவதைப் பூனை உணர்வதற்குள் மயிர் பற்றிக்கொள்ளும். கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அடுப்பில் வெறுமையாகச் சூடேறினால் வரும் புகை, மனிதருக்கு மணமே தெரியாத அளவிலும் பறவையை நிமிடங்களில் கொல்லும். பெரும் சமையல் நடக்கும் நாளில் கூட்டைச் சமையலறைக்கு எட்டாத அறைக்கு மாற்றி, கதவைச் சாத்துங்கள்.

மூன்றாம் படி: சமையலறையும் விருந்தாளிகளும்

இந்தப் படிதான் மிக முக்கியமானது. நாய்க்கு ஆகாத உணவுகளின் பட்டியலை ஆங்கிலத்தில் எங்கும் காணலாம். ஆனால் அந்தப் பட்டியல்களில் நமது மேசை இல்லை. நமது நத்தார் மேசையில் இருப்பவை ரிச் கேக், மட்டன் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், புளியோதரை, பாயாசம். இவை ஒவ்வொன்றையும் நாயின் கண்ணால் பார்க்கப் பழக வேண்டும்.

ரிச் கேக்கிலிருந்து தொடங்குவோம். அதில் நம் வீடுகளில் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த திராட்சை உண்டு, பிராந்தி உண்டு, சாதிக்காய் உண்டு. மூன்றுமே நாய்க்கு ஆகாதவை, அவற்றில் திராட்சையே மிகக் கொடியது. சில நாய்கள் ஒரு பிடி தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கும், சில நாய்களுக்குச் சில பழங்களே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். எது எந்த நாய் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இதன் காரணம் நீண்டகாலம் புதிராகவே இருந்தது. 2021 இல் அமெரிக்க விலங்கு நச்சியல் வைத்தியர்கள், திராட்சையில் உள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். நமக்கு இதில் தனிப்பட்ட எச்சரிக்கை ஒன்று இருக்கிறது: அதே அமிலம் புளியில் நிறைய உண்டு, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. புளியைக் கரைத்துப் பிழிந்த சக்கையைத் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நாய் மணி அப்போது ஒன்பது கிலோ, இரண்டு வயது. 25 ஆம் திகதி மாலை, இருபது பேர் கூடியிருந்தார்கள். உறவுக்கார மாமி ஒருவர் கதிரையில் இருந்தபடி, தட்டிலிருந்த கேக்கை விரலால் பிய்த்துக் கீழே நீட்டிக்கொண்டிருந்ததை நான் தற்செயலாகக் கண்டேன். "மாமி, அவனுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ" என்றேன். "ஒரு சின்னத் துண்டுதானே பிள்ளை, பாவம், வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார். அது நான்காவது துண்டு. மணியின் மூக்கு நுனியில் கேக் தூள் ஒட்டியிருந்தது, வால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமான கிளினிக்குக்கு அழைத்தால் பதிவு செய்த குரல் 27 இல் திறப்போம் என்றது. அவசர வைத்தியசாலைக்கு நாற்பது நிமிட ஓட்டம். அங்கே வாந்தி எடுக்க ஊசி போட்டார்கள். மணி வாந்தி எடுத்ததில் ஊறி உப்பிய பிளம்ஸ் பதினொன்றை உதவியாளர் எண்ணிக் காட்டினார். இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றி, இரத்தப் பரிசோதனை மூன்று முறை செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மாமி அந்த இரண்டு நாட்களும் எங்களைவிட அதிகமாக அழுதார். அவர்மேல் பிழை இல்லை. விருந்து தொடங்குமுன் அவருக்குச் சொல்லாதது எங்கள் பிழை.

ஆகவே, விருந்தாளிகளை அழைக்கும்போதே சொல்லுங்கள். வந்தபின் மேசையில் வைத்துச் சொன்னால் அது கண்டிப்பதுபோலத் தோன்றும். பெரியவர்களுக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும்: "இதைத் தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுவிடும்" என்று சொன்னால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள், "நாய்க்குக் கொடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஒரு சின்னத் துண்டு எப்படியும் போகும். ஊட்டியே ஆக வேண்டும் என்ற ஆசை குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் இருக்கத்தான் செய்யும். அதை மறுக்காதீர்கள். உப்பு, மசாலை சேர்க்காமல் அவித்த கோழித் துண்டுகளையும் கரட்டையும் சிறு கிண்ணத்தில் போட்டு, இதிலிருந்து மட்டும் கொடுக்கலாம் என்று அவர்கள் கையிலேயே ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணம் வந்தபின் வேறு எந்த உணவும் மேசைக்குக் கீழே போவதில்லை.

ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் ஆகியவற்றில் உள்ள வெங்காயமும் உள்ளியும் பச்சையாக இருந்தாலும் வதக்கியிருந்தாலும் தூளாக இருந்தாலும் ஒன்றே: அவை சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கின்றன. பூனைக்கு இது இன்னும் மோசம். அன்றே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பின்னர் பிராணி சோர்ந்து, முரசு (பல் ஈறு) வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அதற்குள் விருந்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

சொக்லேட்டில் அளவும் வகையும் முக்கியம். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். பத்து கிலோ நாய்க்கு, பால் சொக்லேட் சுமார் 100 கிராமில் தொல்லை தொடங்குகிறது. கேக் செய்ய வாங்கும் இனிப்பில்லாத கசப்புச் சொக்லேட் என்றால் 15 கிராமே போதும், கொக்கோத் தூள் அதைவிடக் குறைவாகவே போதும். மரத்தின் கீழ் வைக்கும் பரிசுப் பொதிகளில் சொக்லேட் இருந்தால் நாயின் மூக்கு அதைக் காகிதத்துக்கு மேலாகவே கண்டுபிடித்துவிடும், எனவே தின்பண்டப் பொதிகளை மரத்தின் கீழ் வைக்காதீர்கள். சீனியில்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் உள்ள சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி நாயின் இரத்தச் சீனியை அரை மணி நேரத்திலேயே இறக்கி விழச்செய்யும், பின்னர் ஈரலையும் தாக்கும். பொதியில் பேர்ச் சுகர் என்று எழுதியிருந்தாலும் அதுவேதான். புளித்துக்கொண்டிருக்கும் பாண் மா, மக்கடேமியா, மதுபானம் ஆகியவற்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். சமைத்த கோழி, வான்கோழி எலும்புகள் கூராகப் பிளப்பவை. அவற்றைப் பையில் கட்டி அன்றிரவே வெளியே உள்ள பெரிய தொட்டியில் போட்டுவிடுங்கள்.

விருந்தாளிகளின் கைப்பைகளை யாரும் நினைப்பதில்லை. கோட்டுகளையும் பைகளையும் கட்டில்மேல் குவிப்பது இங்கே வழக்கம், அந்தப் பைகளில் பிரஷர் மாத்திரையும், டைலெனால், அட்வில் போன்ற வலி மாத்திரைகளும் இருக்கும். டைலெனாலில் உள்ள அசெற்றமினோஃபென் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். 2018 ஒக்ரோபரில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானதிலிருந்து அது கலந்த இனிப்புகளும் இளைஞர்களின் பைகளில் வந்துவிடுகின்றன. தள்ளாடி, சிறுநீர் சொட்டச்சொட்ட நிற்கும் நாயைக் கொண்டுபோகும்போது, வெட்கப்பட்டு அதை மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால்தான் வைத்தியர் சரியான வழியில் சிகிச்சை செய்ய முடியும். எல்லாப் பைகளையும் ஓர் அறையில் வைத்து அதன் கதவைப் பூட்டுவது மிக எளிய தீர்வு.

நான்காம் படி: வாசற்கதவு

இருபது பேர் வரும் வீட்டில் கதவு நாற்பது முறையாவது திறக்கும். யார் கடைசியாக மூடியது என்று யாருக்கும் தெரியாது. முதல் விருந்தாளி வருமுன்பே பிராணியை ஓர் அறைக்குள் அதன் படுக்கை, தண்ணீர், பூனையென்றால் மணற்தட்டு ஆகியவற்றோடு விட்டு, கதவில் "திறக்க வேண்டாம், பூனை உள்ளே" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். எல்லோரும் வந்து அமர்ந்தபின் நாயை வாரில் பிடித்து வெளியே கொண்டுவரலாம், அதுவும் அது விரும்பினால் மட்டும். தப்பி ஓடிவிட்டால் 311 ஐ அழைத்து ரொறன்ரோ விலங்குச் சேவைக்கு அறிவியுங்கள். பூனையானால் முதலில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தாழ்வாரம், கராஜ், காரின் கீழ் ஆகிய இடங்களைத் தேடுங்கள், பயந்த பூனை தூரம் போவதில்லை.

ஐந்தாம் படி: வெளியே போகும்போது

எங்கள் முதல் ஜனவரியில், ஸ்காபரோவில் ஒரு காலை. நடைபாதையில் பத்து நிமிடம் நடந்த மணி திடீரென நின்று முன் வலக்காலைத் தூக்கினான். பிறகு இடக்காலை. பிறகு பின்னங்கால் ஒன்றை. பிடிவாதம் என்று நினைத்து வாரை இழுத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலையில் படுத்து, இரவு வரை பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தான். நள்ளிரவில் வாந்தி எடுத்தான். விளக்கின் கீழ் அவன் விரல்களை விரித்துப் பார்த்தபோது, விரல்களுக்கு நடுவில் மயிரில் கோர்த்த பனி உருண்டைகளும், அவற்றுக்குள் புதைந்த வெண்ணிறப் பரல்களும், சிவந்து வெடித்த தோலும் தெரிந்தன. பனியை உருக்க வீதியில் தூவும் உப்பு அது.

அந்த உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட், கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டும் கலப்பார்கள். பாதத்தை அரிப்பதோடு, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. இதற்கு நாங்கள் இப்போது செய்வது இதுதான். குளிர்காலம் முழுவதும் விரல்களுக்கு இடையிலுள்ள மயிரைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டி வைத்திருக்கிறோம். வெளியே போகுமுன் பாதங்களில் பாத மெழுகு பூசுகிறோம்; காலணி அணியச் சம்மதிக்கும் நாய்க்கு அதுவே சிறந்தது, ஆனால் அதை வீட்டுக்குள் ஒரு கிழமை பழக்க வேண்டும். வாசலில் ஒரு தட்டையான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய துவாயும் எப்போதும் இருக்கும். திரும்பி வந்ததும் நான்கு பாதங்களையும் அதில் அமிழ்த்தி, விரல் இடுக்குகளையும் வயிற்றின் அடியையும் கழுவி நன்றாகத் துடைக்கிறோம். உங்கள் சொந்த வாசலுக்கு, பிராணிகளுக்குத் தீங்கு குறைந்தது என்று குறிப்பிட்டு விற்கும் பனி உருக்கியை வாங்குங்கள், அல்லது மணலைத் தூவுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, உடம்பு சிறியதாகவோ மயிர் குட்டையாகவோ இருக்கும் நாய்களுக்கும் குட்டிகளுக்கும் கிழட்டு நாய்களுக்கும் பூச்சியத்துக்குக் கீழே போனதுமே கோட்டு வேண்டும். மறை 7 பாகைக்குக் கீழே அவற்றை மலசலத்துக்கு மட்டும் சில நிமிடங்கள் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்த நாட்டு நாய்களுக்கு உள்மயிர் அடர்த்தியாக இருப்பதில்லை, அவற்றையும் இந்த வகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹஸ்கிபோன்ற நாய்கள் அதிகம் தாங்கும் என்றாலும், மறை 20 இல் எந்த நாயையும் நீண்ட நேரம் வெளியே விடக் கூடாது. காற்று வீசினாலும் மயிர் நனைந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் குறையும். டிசம்பர் நடுவில் ரொறன்ரோவில் மாலை 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடுவதால் வேலை முடிந்து கூட்டிப்போகும் நடை இருட்டில்தான் நடக்கும். ஒளியைத் திருப்பும் பட்டி நாய்க்கும் உங்களுக்கும் வேண்டும்.

நடுக்கம் நல்ல அறிகுறி என்று சொன்னால் வியப்பாக இருக்கும். உடல் இன்னும் போராடுகிறது என்பது அதன் பொருள். நடுங்கிய நாய் சூடு பெறாமலே நடுக்கத்தை நிறுத்தி, தள்ளாடி, தூங்கி விழுந்தால் அதுதான் ஆபத்து. கம்பளியில் சுற்றி, துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல்களை அருகில் வைத்து உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். காது நுனி, வால் நுனி, பாதம் ஆகியவை வெளிறியோ சாம்பல் நிறமாகவோ விறைத்திருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், சுடுதண்ணீரோ மயிர் உலர்த்தியோ வேண்டாம். இளஞ்சூடான ஈரத் துணியை மென்மையாக ஒற்றினால் போதும்.

கராஜில் உள்ள ஒரு திரவத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காரின் என்ஜின் உறையாமல் இருக்க ஊற்றும் அன்டிஃபிரீஸில் எதிலின் கிளைகோல் உண்டு. அது இனிக்கும், அதனால் பிராணிகள் அதை நக்கும். நான்கு கிலோ பூனை ஒன்றைக் கொல்ல ஒரு தேக்கரண்டி போதும். முதலில் குடித்தவன்போலத் தள்ளாடும், பின்னர் தேறிவிட்டதுபோலத் தோன்றும், அதன்பின் சிறுநீரகம் நின்றுவிடும். அந்த நடுக்கட்டத்தில் ஏமாந்து காத்திருப்பவர்களே அதிகம். பூனைக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நாய்க்கு எட்டு மணி நேரத்துக்குள்ளும் மாற்று மருந்து கொடுக்கப்பட வேண்டும். காரின் கீழ் பச்சையாகவோ வேறு நிறத்திலோ துளி கண்டால் உடனே துடைத்துக் கழுவுங்கள். காலையில் காரைத் தொடங்குமுன் பொனட்டில் இரண்டு தட்டுத் தட்டுவதும் பழக்கமாகட்டும், என்ஜின் சூட்டுக்காகத் தெருப் பூனைகள் அதற்குள் ஏறிப் படுத்திருக்கும்.

ஆறாம் படி: மின்சாரம் போகும் நாளும் வாணவேடிக்கை இரவும்

2013 டிசம்பரில் நத்தாருக்கு மூன்று நாட்களே இருக்கையில் உறைமழை கொட்டி, ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, பல வீடுகளில் நத்தார் கழிந்தும் மின்சாரம் வரவில்லை. ஒரு கிழமைக்குத் தேவையான உணவு, மருந்து, தண்ணீர், பூனை மணல், கம்பளி ஆகியவற்றை ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள். மீன்தொட்டி உள்ளவர்களுக்குப் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பும், தொட்டியைச் சுற்ற ஒரு கம்பளியும் வேண்டும்.

புத்தாண்டு இரவின் வெடிச் சத்தத்துக்கு, வீட்டின் நடுவில் யன்னல் குறைந்த ஓர் அறையைத் தேர்ந்து, திரையிட்டு, விசிறியையோ பாட்டையோ ஓடவிட்டு, மாலை நடையை இருட்டுமுன் முடித்துவிடுங்கள். பயத்தில் மிக அதிகமாகத் துடிக்கும் நாய்க்கு மருந்து உண்டு. டிசம்பர் தொடக்கத்திலேயே வைத்தியரைக் கேட்டு, அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். உடலை மட்டும் மயக்கி மனத்தின் பயத்தை அப்படியே விடும் பழைய மருந்துகளும் உள்ளன, எனவே யாரோ வைத்திருந்த மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

ஏழாம் படி: வீட்டை விட்டுப் போவதானால்

பராமரிப்பு விடுதிகள் ஒக்ரோபரிலேயே நிரம்பிவிடும். நாய்களிடையே எளிதில் தொற்றும் கெனல் இருமலுக்கான தடுப்பூசியும் கேட்பார்கள். அமெரிக்காவிலுள்ள உறவினர் வீட்டுக்கு நாயோடு காரில் போக நினைப்பவர்கள் கவனியுங்கள்: 2024 ஓகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய் குறைந்தது ஆறு மாத வயதுடையதாகவும், மைக்ரோசிப் உள்ளதாகவும், அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் இறக்குமதிப் படிவம் நிரப்பப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கடந்த ஆறு மாதங்களுக்குள் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்த நாயென்றால் மேலதிகமான ஆவணங்கள் வேண்டும். எல்லையில் போய் இதை அறிந்துகொள்வது மிகத் தாமதம்.

எட்டாம் படி: தவறு நடந்துவிட்டால்

என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பொதியையோ செடியின் ஒரு கிளையையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் உள்ள எண்ணை அழைத்தபடியே காரை நோக்கிப் போங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்கும் ஊர் வழக்கம் இங்கும் சிலரிடம் இருக்கிறது, அது நாயைக் கொன்றிருக்கிறது. ஹைட்ரஜன் பெரொக்சைட்டை வைத்தியர் அளவு சொன்னால் நாய்க்கு மட்டும் கொடுக்கலாம், பூனைக்கு ஒருபோதும் கூடாது. பால் ஊற்றுவதும் நெய் கொடுப்பதும் உதவாது. அறிகுறி வரட்டும் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் நான் கண்ட தவறுகளில் மிகப் பெரியது. திராட்சைக்கும் லில்லிக்கும் அன்டிஃபிரீஸுக்கும் அறிகுறி வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

அவசர வைத்தியசாலையில் செலவு பல நூறு டொலரில் தொடங்கும், இரவு தங்க நேர்ந்தால் ஆயிரங்களாகும். முதலில் மதிப்பீட்டுத் தாள் தருவார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் அதை அப்போதே சொல்லுங்கள், எந்தச் சிகிச்சை இன்றியமையாதது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். வீடு திரும்பியபின், திராட்சையோ புளியோ தின்ற நாய்க்கு 48 முதல் 72 மணி நேரத்தில் மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டும். அது எவ்வளவு குதித்து விளையாடினாலும் அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். அந்த மூன்று நாட்களும் எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். இரத்தம் எடுக்கும்போது வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.